கதவுப் பக்கம்

கேரவனைப் பின்னால் எடுக்கும்போது சண்டை போடாத புருஷன் பெண்டாட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்ததாக யாராவது சொன்னால், அந்த ஜோடிக்குக் கல்யாணமாகி ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற, சக்கரம் வைத்த சின்ன வீடு அது. முன்னால் இழுத்தால் பசு மாதிரி வரும். பின்னால் தள்ளினால் போதும், இடது என்றால் வலது, வலது என்றால் இடது என்று வீம்பு பிடிக்கும். முகாம் திடல்களில் சாயங்காலமானால் ஆளாளுக்கு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். புதிதாக வந்து சேருகிறவர்கள் வண்டியை நிறுத்தும் அழகைப் பார்க்கத்தான். டிக்கெட் இல்லாத நாடகம்.

நாங்களும் பத்தொன்பது வருஷம் அந்த நாடகத்தை ஆடியிருக்கிறோம். எங்கள் கேரவனை நாங்கள் பெட்டி என்போம். நான் முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவன், பெட்டியைப் பின்னால் எடுக்க எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு பெரிய டிரைவருக்கும் முதுகில் கண் கிடையாது. எனக்கு அந்தக் கண் என் மனைவிதான். பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் தையல்காரியாக இருந்தவள். ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றதுமே தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவாள். டேப் சும்மா கழுத்தில் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும்.

மீட்டர், சென்டிமீட்டர் என்றெல்லாம் அவள் பேச மாட்டாள். மூணு சாண், ரெண்டு சாண், ஒரு சாண், நாலு விரல், போதும். போதும் என்றதும் பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அவள் நாலு விரல் என்றால் நாலு விரல்தான், மூன்றரை இருக்காது. கண்டக்டரம்மா என்று அவளைக் கூப்பிடுவேன். டிரைவருக்கு வாய் மட்டும்தான் நீளம், அதனால்தான் கண்டக்டர் என்று ஒரு ஆளைப் போட்டார்கள் என்று திருப்பிக் கொடுப்பாள்.

அவள் நிற்கிற இடமும் எப்போதும் ஒன்றுதான். பெட்டிக்கு இடது பக்கம் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவை ஒட்டி நிற்பாள், வண்டி நகர நகரக் கூடவே நடப்பாள். இடது கண்ணாடியில் நான் அவளைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். முதல் பயணத்தில் ஒரு தடவை சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டாள். நான் பாட்டுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். சக்கரம் அவள் முழங்காலுக்கு ஒரு சாணில் நின்றது. எழுந்து, சேற்றோடு வந்து என் ஜன்னல் ஓரம் நின்று சொன்னாள்.

"கண்ணாடியில நான் தெரியலன்னா நிறுத்திடுங்க. ஏன் எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம்."

அதற்கப்புறம் அதுதான் எங்கள் சட்டம். மழையோ வெயிலோ, அவள் கண்ணாடியில் தெரிந்தால் வண்டி நகரும், தெரியாவிட்டால் நிற்கும். வேறு எந்த விஷயத்திலும் நான் அவள் பேச்சை அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு திடலில், ஒரு சாண் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி வாய் மூடவில்லை, பெட்டியின் பின்பக்கம் தண்ணீர்க் குழாய்க் கம்பத்தில் போய் இடித்தது. தகரம் உள்ளே போய், பின்விளக்கு உடைந்து, குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். கதவைத் திறந்து இறங்கினேன். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர் பார்க்கத்தான் கேட்டேன், கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாயா இல்லை தைத்து வைத்திருக்கிறாயா என்று. யாரோ சிரித்தார்கள். அவள் வலது கையை விரித்து, அந்தச் சாணையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதமே கேமரா வாங்கினேன். பெட்டியின் பின்சுவரில் உச்சியில் ஒன்று, காருக்குள் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரை. ரிவர்ஸ் போட்டதும் பின்னால் இருப்பதெல்லாம் திரையில் வரும். மேலே பச்சைக் கோடு, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. சிவப்பு நெருங்கினால் பீப் பீப் என்று கத்தும். இனிமேல் நீ வெயிலிலும் மழையிலும் இறங்கி நிற்க வேண்டியதில்லை என்று அவளிடம் சொன்னேன். அக்கறை மாதிரிதான் சொன்னேன். அக்கறை இல்லை, இன்னும் ஆறாத கோபம். திரை எதிர்த்துப் பேசாது, தப்பாகவும் சொல்லாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அவள் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பின்னால் மட்டும்தான் தெரியுமா என்று கேட்டாள். பின்னால் தெரிந்தால் போதாதா என்றேன். அதற்குப் பிறகு நான் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் அவள் பக்கத்துச் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய காரில் ஏறிய மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

அதற்குப் பதினாலு மாதம் கழித்து ஒரு சட்டை தைத்தாள். எனக்குத்தான். முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் பட்டன் துளை போட்டிருந்தாள், பட்டன் ஒன்றுகூட இல்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள், ஆனால் நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. அடுத்த நாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் மறதி நோய் என்றார். முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார். சட்டையைச் சொன்னேன். அதற்கு முன்னால் தூரம் கணிப்பதில் ஏதாவது தடுமாற்றம் இருந்ததா, சிலருக்கு அது முதலிலேயே வந்துவிடும் என்றார். இல்லை என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கம்பத்தையும் தண்ணீரையும் நான் கேட்ட கேள்வியையும் எப்படிச் சொல்வது? அன்றைக்கு நான் கத்தியது அவளைப் பார்த்து இல்லை, அவளுக்குள் வந்து உட்கார்ந்திருந்த நோயைப் பார்த்து. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்வார்கள். என் கதையில் கெட்டது அவள் கண், நமஸ்காரம் செய்ய வேண்டியவன் நான்.

போன வருஷம் அடுப்பைப் பற்ற வைக்காமல் கேஸை மட்டும் திறந்து வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தாள். இனிமேல் நீங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கவே கூடாது என்று எங்கள் மகள் வந்து அழைத்துப் போய்விட்டாள். மகள் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகளில் அவர்களுடையது கடைசி. கதவைத் திறந்தால் நேராகத் தெரு. வீட்டுக்கும் அடுத்த மதில் சுவருக்கும் நடுவே ஒரு சந்து, சைக்கிள் நிறுத்துவதற்கு. பின்னால் துணி காயப் போடும் அளவுக்குக் கொஞ்சம் இடம்.

அந்த வீட்டில் என் மனைவி ஒரு நாள்கூடத் தங்கவில்லை. உடம்பு அங்கே இருந்தது, அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு தெருக்கதவுக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். யார் வீடு இது என்பாள். நம் பெண்ணின் வீடு என்பேன். நல்ல வீடு, எப்போது கிளம்புகிறோம் என்பாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. தூங்கவே மாட்டாள், தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டே இருப்பாள். அவளோடு சேர்ந்து மகளும் தூங்குவதில்லை. ஒரு நாள் கடையில் யாருக்கோ கொடுக்க வேண்டிய மாத்திரையை வேறு யாருக்கோ கொடுக்கப் போய், கடைசி நிமிஷத்தில் முதலாளி பார்த்துத் தடுத்திருக்கிறார். அன்றைக்கு வந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இந்த நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றில் பெயர் கொடுத்து வைத்திருப்பதாக மாப்பிள்ளை என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

இல்லத்திலிருந்து ஒரு அறை காலியாகியிருக்கிறது என்று தகவல் வந்தது. எடுத்துக்கொள்கிறீர்களா இல்லையா என்று வருகிற திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

அதே வாரம்தான் பெட்டியை விற்றுவிடலாம் என்று அது நிறுத்தியிருந்த கொட்டகைக்குப் போனேன். அவளை விட்டுப் போக முடியாததால் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் எனக்கு முன்னால் ஏறினாள். படி எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கக்கூட இல்லை. விளக்கு ஸ்விட்ச் திரைச்சீலைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத இடத்தில் இருக்கிறது, கை தானாக அங்கே போனது. கைப்பையைக் கொக்கியில் மாட்டினாள். மகள் வீட்டில் அந்தக் கைப்பை அவள் கையை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. தண்ணீர் வைக்கிறேன் என்றாள். கேஸ் இல்லை என்று அவளுக்கே தெரிந்து, சரி அப்புறம் பார்க்கலாம் என்று கட்டிலில் சாய்ந்தாள். நாலு மணி நேரம் தூங்கினாள். நான் வெளியே நாற்காலி போட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் பார்க்காதபோது அழுவது எனக்கும் வரும்.

அன்றைக்குச் சாயங்காலமே மகளிடம் சொன்னேன். பெட்டியை வீட்டுச் சந்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவோம். நானும் அம்மாவும் அதில் படுத்துக்கொள்கிறோம், கூப்பிடு தூரத்தில் நீ இருக்கிறாய், கேஸை எடுத்துவிடலாம், இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். தெருவில் நிறுத்த அனுமதி கிடையாது, சந்துதான் வழி. மாப்பிள்ளை டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்தார். சந்து எட்டரை அடி. பெட்டி ஏழேகால். பதினைந்து இஞ்ச் மிச்சம், பக்கத்துக்கு ஏழரை என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். போகும் என்றார். நானும் போகும் என்றேன். மூன்று பேரும் டீ குடித்தோம். அந்த வீட்டில் பல மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்துப் பேசினோம்.

சனிக்கிழமை காலையில் பெட்டியை இழுத்து வந்தேன். மாப்பிள்ளை பின்னால் நின்று வழி சொல்கிறேன் என்றார். பாவம், ஆசைப்பட்டார். கேமரா இருக்கிறது மாப்பிள்ளை, நீங்கள் தெருவில் வருகிற வண்டியை நிறுத்துங்கள் போதும் என்றேன். மகள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சமையலறையில் உட்கார வைத்தாள்.

தெரு குறுகல். பெட்டியை ஒடித்துத் திருப்பிச் சந்துக்கு நேராகக் கொண்டுவருவதற்கே மூன்று தடவை முன்னால் போய்ப் பின்னால் வர வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கை அடியில் பிடித்துக்கொண்டால் கை போகிற பக்கம் பெட்டி போகும், லாரிக்காரர்களுக்குத் தெரிந்த சூட்சுமம் அது. நாலாவது தடவை வாய்த்தது. திரையில் சந்து இரண்டு பக்கச் சுவரோடும் நேராக விரிந்து கிடந்தது, நடுவில் பச்சைக் கோடு. எழுபத்திரண்டு வயதில் எனக்கு இன்னும் கை போகவில்லை என்று உள்ளுக்குள் ஒரு கொழுப்பு. அங்குலம் அங்குலமாக நுழைத்தேன்.

பெட்டி கால்வாசி நுழைந்திருக்கும். திரையில் என் மனைவி வந்தாள்.

சமையலறைப் பின்கதவு வழியாக வந்திருக்கிறாள். சந்தின் கோடியிலிருந்து பெட்டியை நோக்கி நடந்து வந்தாள். கை உயர்ந்திருந்தது, உள்ளங்கை என் பக்கம். நான் பிரேக்கை மிதித்தேன். அவள் நிற்கவில்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டினாள், சிவப்பைத் தாண்டினாள், பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருந்தது. நேராகப் பெட்டியின் இடது மூலைக்குப் போனாள். கதவுப் பக்கம். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே நுழையப் பார்த்தாள். தோளைக் கொடுத்தாள், முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வயிற்றை எக்கிப் பார்த்தாள். போக முடியவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"இடம் இல்ல," என்று கத்தினாள். பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்டது. "இடம் இல்ல. இடம் இல்ல."

நசுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும். பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். ஜன்னலில் தலையை நீட்டி, அம்மாவை விட்டுவிட்டு எங்கே போனாய், உள்ளே கூட்டிக்கொண்டு போ என்று தெருவில் வந்து நின்றிருந்த மகளை விரட்டினேன். அவள் வீட்டுக்குள் ஓடி, பின்கதவு வழியாக வந்து அம்மாவைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். நிறைய இடம் இருக்கும்மா, அப்பாவுக்குத் தெரியும், கேமராவில் எல்லாம் தெரிகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டே போனாள். என் மனைவி திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். கை இன்னும் உயர்ந்தேதான் இருந்தது.

மிச்சத்தை நுழைத்தேன். தகரத்தில் ஒரு கீறல் இல்லை. பக்கத்துக்கு ஏழரை இஞ்ச், மாப்பிள்ளை போட்ட படம் மாதிரியே. அவர் கைதட்டினார். கொக்கியைக் கழற்றினேன், காரைத் தெருவில் ஓரமாக விட்டேன், பெட்டியின் முன்காலை இறக்கினேன். மகள் துவைத்த விரிப்பும் தலையணையும் கொண்டுவந்து தெருவில் நின்றாள். நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சந்தின் முன்னால் நின்றேன். கதவுப் பக்கம் சுவர். பிறகு ஏழரை இஞ்ச். பிறகு பெட்டி. கதவு உள்ளே எட்டடி தூரத்தில் இருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், தோள் வரைக்கும் போனது, அதற்கு மேல் நான் போகவில்லை. பின்பக்கத்திலிருந்து வந்தாலும் அதே ஏழரை இஞ்ச்தான். யாரோ என்னை எட்டிக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மூன்று பேர், ஒரு டேப், ஒரு கேமரா. பெட்டி உள்ளே போகுமா என்று மூன்று பேரும் கேட்டோம். பெட்டிக்குள் ஆள் எப்படிப் போவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டைக் கட்டிவிட்டு வாசல் வைக்க மறந்தவன் கதைதான். மற்ற இரண்டு பேரையும் விடுங்கள், அவர்களுக்குப் பெட்டி புதிது. நான் பத்தொன்பது வருஷம் அதில் ஏறி இறங்கியவன். எனக்கு எப்படி மறந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது. நான் கதவுக்கு இடம் விட வேண்டும் என்று ஒரு நாளும் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கதவுப் பக்கம் எப்போதும் அவள் நின்றாள். அவள் நிற்கிற இடம்தான் கதவு திறக்கிற இடம். அவள் கண்ணாடியில் தெரிந்தால் ஒரு ஆள் இறங்க இடம் இருக்கிறது என்று அர்த்தம். கேமரா வந்த பிறகும் போனதெல்லாம் பரந்த திடல்கள், அதனால் குட்டு வெளிப்படவில்லை.

ஒரே பக்கமாக ஒட்டித் தள்ளினாலும் பதினைந்து இஞ்ச்தான் மாமா, கதவு அவ்வளவுதான் திறக்கும் என்று மாப்பிள்ளை மெல்லச் சொன்னார். அவர் முகம் செத்துப் போயிருந்தது. பின்சுவரை அறுத்துக் கதவு வைக்கலாமா என்று கேரவன் பழுது பார்க்கிறவருக்குப் போன் செய்தேன். பின்சுவரில்தான் கூரையே நிற்கிறது, அறுத்தால் உட்கார்ந்துவிடும் என்றார். நின்றாலும் என்ன பயன். பின்னால் கதவு வைத்த பெட்டி அவளுக்கு இன்னொரு தெரியாத வீடு. மகள் தலையணையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றிருந்தாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உள்ளே போனேன். என் மனைவி தெருக்கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சுவர் உரசிய சிராய்ப்பு, சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து துடைத்துவிட்டேன். நிறுத்தியாச்சா என்று கேட்டாள். எந்த வண்டி, எந்த ஊர் என்று தெரிந்துதான் கேட்டாளா, தெரியாது.

"இடம் இல்ல," என்றேன். "நீ சொன்னதுதான் சரி. கதவுக்கு இடம் இல்ல."

அவள் நெற்றியைச் சுருக்கினாள், தப்பாக வெட்டிய துணியைப் பார்க்கிற பார்வை.

"கண்ணாடியில நான் தெரிஞ்சேனா?"

"தெரியல."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

நான் கண்ணாடியையே பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை. அவளைக் காரில் உட்கார வைத்த நாளிலிருந்தே பார்க்கவில்லை. கண்ணாடியில் அவள் இல்லாமல் போய் நாலு வருஷம் ஆகிறது, நான் பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டே இருந்தேன். தப்புத்தான் என்று சொன்னேன். அவள் தலையில் கை வைத்தேன். அதற்குள் அவள் கேட்டதை மறந்துவிட்டாள், நல்ல வீடு, எப்போது கிளம்புகிறோம் என்றாள்.

பெட்டியை அன்றைக்கே வெளியே இழுத்துக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டேன். திங்கட்கிழமை மகள் போன் செய்து, அறையை எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னாள். போனை வைத்துவிட்டு, அப்பா என்னைத் தப்பாக நினைக்காதீர்கள் என்றாள். உன்னை ஏன் தப்பாக நினைக்கப் போகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை போனோம். நல்ல இடம்தான், பழி சொல்ல முடியாது. சுத்தமான அறை, ஜன்னலுக்கு வெளியே மரம், சிரித்த முகமாக ஒரு நர்ஸம்மா. அலமாரியில் அவள் துணிகளை மகள் அடுக்கினாள். கைப்பையை மாட்ட நான் வீட்டிலிருந்தே ஒரு கொக்கி கொண்டுபோயிருந்தேன், பெட்டியில் இருந்த அதே கொக்கி. சுவரில் அடித்துக் கொடுத்தேன். அவள் கைப்பையை மாட்டவில்லை. மகளும் மாப்பிள்ளையும் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட அலுவலகத்தில் நின்றார்கள், பிறகு பஸ்ஸில் வருகிறோம், நீங்கள் போய்ப் படுங்கள் என்று என்னை அனுப்பினார்கள். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

நர்ஸம்மா அவளை வாசல் வரைக்கும் கூட்டி வந்தார். என் காருக்கு இரண்டு பக்கமும் வண்டி, பின்னால் ஒரு சிமெண்ட் தூண். ரிவர்ஸ் போட்டேன். பெட்டி இல்லாததால் திரை வெறும் நீலமாக இருந்தது. அதை அணைத்தேன். இடது கண்ணாடியைத் திருப்பினேன்.

அவள் தெரிந்தாள். நர்ஸம்மாவின் கையை விட்டுவிட்டுப் படியிறங்கி வந்து, காரின் இடது பக்கம் நின்றிருந்தாள். கை உயர்ந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

"வாங்க," என்றாள். "ரெண்டு சாண். ஒரு சாண். நாலு விரல்." காரின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. "போதும்."

தூணுக்கு இன்னும் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. நான் அவள் சொன்ன இடத்தில்தான் நிறுத்தினேன். அங்கிருந்து திரும்புவதற்கு இரண்டு தடவை கூடுதலாக முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது, போனேன். அவசரம் ஒன்றும் இல்லை. முன் கேட்டை நோக்கி மெதுவாக உருட்டினேன், கண் கண்ணாடியை விட்டு எடுக்கவில்லை. அவள் கையை இறக்காமல் நின்றிருந்தாள், சின்னதாகிக்கொண்டே வந்தாள். கேட்டைத் தாண்டி வண்டி திரும்பியது, கண்ணாடியில் மதில் சுவர் வந்தது.

நிறுத்தினேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கேட் காவலாளி எழுந்து வந்தார். ஜன்னலில் குனிந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். கண்ணாடியில் ஆள் தெரியவில்லை என்றேன். அவர் நிமிர்ந்து, காரைச் சுற்றிப் போய், நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நல்ல மனிதர்.

"பின்னாடி யாரும் இல்ல சார்," என்றார். "நீங்க தாராளமா போகலாம்."